ஜப்பான்காரனுக்கு ருசி சொன்னேன்

ஒயின் குடிக்க எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெள்ளைக்காரத் துரை பங்களாவில் விருந்து முடிந்து கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவ எடுத்துவரும்போது அடியில் ஒரு வாய் மிச்சம் கிடக்கும். கொட்ட மனசு வராமல் குடித்துப் பழகினேன். என் வீட்டுக்காரர் அந்தப் பங்களாவில் சமையல்காரர். நான் அவருக்குத் தேங்காய் துருவி, கோழி உரித்து, பாத்திரம் விளக்கிக் கொடுக்கிறவள். எங்கள் ரப்பர் தோட்டம் கெடாவில், பாலிங் போகிற சாலையில், சுங்கைப்பட்டாணியிலிருந்து லாரியில் போனால் இடுப்பு கழன்றுவிடும் தூரத்தில் இருந்தது. கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே குசினி அடுப்படியில் பொழுதைப் போக்கினோம்.

அவர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன். நான் பிறந்து வளர்ந்தது கோத்தா கோலா மூடாவில். அப்பா படகுத்துறையில் மீன் கூடை சுமந்தவர். மலாய்க்காரப் பிள்ளைகளோடு மணலில் புரண்டு வளர்ந்ததால் மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கூடையைத் திறக்காமலேயே உள்ளே இருக்கிற மீன் இன்று பிடித்ததா நேற்றுப் பிடித்ததா என்று மூக்கால் சொல்லிவிடுவேன். உன்னைக் கட்டினதற்கு ஒரு நாயை வளர்த்திருக்கலாம், மூக்கு அதற்கும் இருக்கிறது, சத்தம் குறைச்சல் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் கேலி செய்வதே அபூர்வம் என்பதால் நான் கோபித்துக்கொள்வதில்லை.

மற்றத் தோட்டத்துத் துரைமார்கள் விஸ்கி குடிக்கிறவர்கள். எங்கள் துரைக்குச் சிவப்பு ஒயின், அதிலும் இத்தாலி ஒயின்தான் வேண்டும். முந்தைய சண்டையில் அந்தத் தேசத்தில் பட்டாளத்தில் இருந்தவராம். பினாங்கிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். சில போத்தல்கள் அடி பருத்து, வைக்கோலில் பின்னிய சட்டை போட்டிருக்கும். விருந்துக்கு வருகிறவர்கள், இது அங்கே குடியானவன் களத்துமேட்டில் குடிக்கிற சரக்கு என்று சிரிப்பார்கள். துரை அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு அவர்களுக்கே இன்னொரு கோப்பை ஊற்றுவார். பங்களாவுக்கு அடியில் கல் கட்டிய குளிர்ந்த அறை ஒன்று இருந்தது. போத்தல்களை அங்கே படுக்கவைத்து அடுக்குவது என் வீட்டுக்காரர் பொறுப்பு.

ஜப்பான் பட்டாளம் வடக்கே ஜித்ராவைத் தாண்டிவிட்டது என்று சேதி வந்த அன்று துரை கிளம்பத் தயாரானார். குடிவகை எதுவும் எதிரி கையில் சிக்கக்கூடாது, எல்லாவற்றையும் உடைத்துவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. விஸ்கியையும் பிராந்தியையும் வாசலில் போட்டு உடைத்தோம். கீழறைக்கு வந்த துரை கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இதை விட்டுவிடு, அவர்களுக்கு இது என்னவென்றே தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போத்தல்மேல் இரக்கப்பட்ட மனுஷனுக்கு, எங்களுக்கு ரெண்டு மூட்டை அரிசி எடுத்து வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

சில மாதத்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஜப்பான் அதிகாரி வந்து பங்களாவில் குடியேறினான். நடுவயசு, குட்டை உருவம், காதோரம் நரை. கொச்சை மலாய் பேசுவான். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தோட்டத்து ஆட்களை ரப்பர் மரத்தில் பால் வெட்டச் சொன்னான், பிறகு அந்த மரத்தையே சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னான். குனிந்து கும்பிடாதவனுக்கு அறை விழும். எங்களுக்குப் பங்களாக் குசினியில் வேலை தொடர்ந்தது. வெளியே லயத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தவிர ஒன்றும் இல்லாத காலத்தில், வடித்த கஞ்சியாவது எங்களுக்குக் கிடைத்தது.

அவனுக்கு மூக்கு செத்துப்போனது என்று முதலில் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர்தான். ஒருநாள் சோறு அடிப்பிடித்துக் கருகிவிட்டது. வேறு அரிசி இல்லை. அதையே கொண்டுபோய் வைத்தார். வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் தின்று முடித்தான். இன்னொரு நாள் கெட்டுப்போக இருந்த மீனை வைத்தபோதும் அப்படியே. பிற்பாடு அவனே சொன்னான். சீனாவில் சண்டையில் இருந்தபோது பக்கத்தில் குண்டு விழுந்து தலையில் அடி, மயக்கம் தெளிந்தபோது வாசனை என்ற ஒன்றே போய்விட்டது. நாக்குக்கு இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும், உப்பும் துவர்ப்பும் தெரியும். பூவும் சாணியும் அவனுக்கு ஒன்றுதான். ஊரில் அவன் குடும்பம் அரிசியில் மதுபானம் காய்ச்சி விற்கிற குடும்பம். அவன்தான் ஒவ்வொரு தொட்டியாக மோந்து ருசி பார்த்துச் சொல்கிறவனாக இருந்தான். மூக்கு போன சங்கதி அவனுடைய மேலதிகாரிகளுக்குத் தெரியாது.

கீழறை ஒயினை அவன் கண்டெடுத்தபோது எங்களுக்குப் பிடித்தது சனி. ஒரு போத்தலை எடுத்துவந்து என் வீட்டுக்காரரைத் திறக்கச் சொன்னான். முதலில் நீ குடி என்றான். விஷம் இருக்குமோ என்ற சந்தேகம். அவர் ஒரு வாய் குடித்தார். "ராஸா ஆபா?" என்று கேட்டான். என்ன ருசி என்று அர்த்தம். அவர் புளிப்பு என்றார். கொஞ்சம் இனிப்பு என்றார். அது எனக்கே தெரிகிறதே, வேறு என்ன என்று கேட்டான். மறுபடியும் புளிப்பு என்றார். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது தடவை, கன்னத்தில் விட்டான் ஒரு அறை.

நான் கதவோரத்தில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் முன்பின் யோசிக்கமாட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அந்தக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு மலாயில் பொரிந்து தள்ளினேன். முதல் வாயில் நாவற்பழம், நல்லாப் பழுத்து மரத்தடியில் விழுந்து எறும்பு மொய்க்கிற பழம். அதை விழுங்கியதும், மாங்கிஸ் என்கிற மங்குஸ்தான் பழத்தின் தோலைத் தெரியாமல் கடித்துவிட்டால் நாக்கின் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. கடைசியில் மழை பெய்து நின்ற மண். இவ்வளவுதான் இதில் இருக்கிறது, இதற்கு ஒரு மனுஷனை அடிப்பீர்களா என்று கேட்டேன்.

அவன் என்னையும் அடிப்பான் என்று என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவன் அடிக்கவில்லை. உட்கார்ந்தான். கோப்பையை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, நாவற்பழம் என்றால் எப்படி என்று கேட்டான்.

மறுநாள் ஆற்றோரத்து மரத்திலிருந்து நாவற்பழமும், மாங்கிஸ் தோலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாவற்பழத்தைத் தின்று, நாக்கை நீட்டிக் கண்ணாடியில் அதன் ஊதாக் கறையைப் பார்த்தான். மாங்கிஸ் தோலைக் கடித்ததும் அவன் முகம் மாறியது. துவர்ப்பு மட்டும் அவனுக்குப் புரிந்தது. தோலை வாயிலேயே வைத்துக்கொண்டு ஒயினைக் குடித்துக் குடித்துப் பார்த்தான். பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். எனக்கு அவன்மேல் பாவம் பார்க்கிற அளவுக்கு வயிறு நிறைந்திருக்கவில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு போத்தல் திறப்பதும், நான் நின்றுகொண்டு ஒரு வாய் குடித்து ருசி சொல்வதும் வழக்கமாகிவிட்டது. ஒன்றில் கள்ளைப்போல நுரை பொங்கும், கள்ளுக்கு நாவற்பழச் சாயம் ஏற்றினது போல இருக்கும். ஒன்றில் வாடின மாலையின் மறுநாள் வாசனை, அதன் அடியில் ரோட்டுத் தார். ஒன்றைக் குடித்தால் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகை வாசலில் நின்று பேரீச்சம்பழம் தின்கிற மாதிரி. சிலது வெயிலில் கெட்டுக் காடியாகியிருக்கும், அதையும் மறைக்காமல் சொல்வேன். வெறும் மரவள்ளி தின்ற வயிற்றில் அந்த ஒரு வாய் ஒயின் சுர்ரென்று ஏறும். லயத்துப் பெண்கள் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். அவன் என்னைத் தொட்டதில்லை. அதை ஒவ்வொருத்தியிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

பிறகு சயாமுக்கு ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே காட்டில் ரயில் பாதை போடுகிறார்களாம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாமாம், அரிசி உண்டாம். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி பெயர் படிக்கிற நாளில் லயமே செத்த வீடு மாதிரி இருக்கும். சொன்ன மூன்று மாதம் கழிந்தும் போனவர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் வயசில் இருந்த ஆண்கள் ஏறக்குறைய எல்லாரும் போய்விட்டார்கள். பங்களா ஆட்கள்மேல் கை வைக்கக்கூடாது என்று கிராணியிடம் ஜப்பான்காரன் சொல்லியிருந்தான். என் நாக்கு அவனுக்கு வேண்டியிருக்கிறவரை என் புருஷன் சயாமுக்குப் போகவேண்டாம். இதுதான் கணக்கு. எனக்கு அது நன்றாகத் தெரிந்தே இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அதை நினைத்துக்கொண்டுதான் கோப்பையைத் தூக்குவேன்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் அந்தக் கணக்கு உறைக்கவில்லை. அல்லது உறைத்தும் மனசு கேட்கவில்லை.

பிள்ளை பெற்றவளுக்குச் சிவப்பு ஒயின் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. நல்ல காலத்தில் கடையில் வாங்கி, பத்தியச் சாப்பாட்டோடு ஒரு அவுன்ஸ் கொடுப்பார்கள். லயத்தில் ஒருத்தி பிரசவத்தில் ரத்தம் போய் வெள்ளைத் துணியாகக் கிடந்தாள். அவள் புருஷன் சயாமில் இருந்தான். அவளுடைய அம்மா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் வீட்டுக்காரர் நேரே கீழறைக்குப் போய், ஒரு போத்தலின் தக்கையைத் திருகி எடுத்துப் பாதியை ஒரு குவளையில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

நான் ஆடின ஆட்டத்தில் குசினிக் கூரை பறந்திருக்க வேண்டும். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும், நீங்கள் என்ன கர்ணன் பேரனா என்று கேட்டேன். அவர் மூலையில் உட்கார்ந்து நாவற்பழத்தை வேகவைத்துக்கொண்டிருந்தார். அதில் மாங்கிஸ் தோலைப் போட்டு, கொஞ்சம் கள்ளும் வெல்லமும் சேர்த்து, துணியில் வடிகட்டி, பாதிப் போத்தலை அதனால் நிரப்பினார். தக்கையை அடித்து மெழுகை உருக்கி மேலே ஊற்றினார். "அவனுக்கு மூக்கு இல்லலா. தொவர்ப்புத்தான் தெரியும். தொவர்ப்பு இதுல இருக்கு" என்றார். அவர் எதற்கும் அப்படி விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆனாலும் பேச்சு பரவிவிட்டது. காய்ச்சலில் வெளுத்தவள், கால் புண்ணில் சீழ் வைத்தவன், வயிற்றுப் பிள்ளைக்காரி என்று குசினி வாசலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். என்னைப் பற்றிக் கண்டதையும் பேசின பெண்களும் குவளையோடு வந்து அக்கா என்றார்கள். யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒயினில் ரத்தம் ஊறுமா என்று எனக்குத் தெரியாது. ஒரு பிடி அரிசி இருந்திருந்தால் ஊறியிருக்கும். இல்லாத கொடுமைக்கு அதைக் குடித்தார்கள், குடித்துவிட்டு உடம்பு தேறியதாக நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாவற்பழக் கஷாயத்துக்கும் நான்தான் ருசி சொல்லவேண்டியிருந்தது. உண்மையான ஒயினுக்குச் சொல்வது சுலபம், வாயில் இருப்பதைச் சொன்னால் போதும். இதற்கு இல்லாததையெல்லாம் இட்டுக்கட்ட வேண்டும். பயத்தில் எனக்குச் சொல் கொட்டும். வைக்கோல் சட்டை போட்ட போத்தல் ஒன்றில் முழுக்க முழுக்க எங்கள் கஷாயம்தான். அதற்கு நான் மாதுளை என்றேன், ஏலக்காய் என்றேன், பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனை என்றேன், கடலோரத்துக் காற்று என்றுகூடச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இதுதான் இதுவரை குடித்ததில் ரொம்ப நல்லது, இதே மாதிரிப் போத்தல்களைத் தனியாக எடுத்து வை என்றான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எங்கள் அம்மா சொல்வாள்.

அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தான். ஐரோப்பாவில் சில வருஷம் இருந்தவன் என்று எங்கள் ஜப்பான்காரன் முந்தின நாளே சொல்லி, கோழி அடிக்கச் சொன்னான். மத்தியானச் சாப்பாட்டுக்கு, தனியாக எடுத்து வைத்த வைக்கோல் போத்தலைக் கொண்டுவா என்றான். அவை எல்லாமே திறந்து அடைத்தவை. கீழறையில் என் வீட்டுக்காரர் கையில் நல்ல போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு, வைக்கோலைக் கழற்றி இதற்குப் போட்டுவிடலாமா என்று பார்த்தார். அடி பருத்த போத்தலின் சட்டை அதற்குப் பொருந்தவில்லை. மேலேயிருந்து கூப்பிட்டுவிட்டான்.

நான் கோழிக் குழம்போடு கதவருகில் நின்றேன். எங்கள் ஜப்பான்காரன் கோப்பையில் ஊற்றி, தூக்கிப் பிடித்து, அவர்கள் பாஷையில் பேசினான். நடுவில் மாங்கிஸ் என்ற சொல் வந்தது. நான் சொன்னதையெல்லாம் அப்படியே தன் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வந்தவன் மோந்து பார்த்தான். ஒரு வாய் குடித்தான். கோப்பையை மெதுவாக மேஜைமேல் வைத்தான். பிறகு சிரித்தான், வயிறு குலுங்கச் சிரித்தான். எங்கள் ஜப்பான்காரனுக்கு எதற்குச் சிரிக்கிறான் என்று தெரியவில்லை. தன் கோப்பையில் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தான், அதில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு அவனும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். வந்தவன் அதைக் கவனித்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது.

வந்தவன் சிரித்ததிலேயே போத்தலில் ஏதோ பொய் என்று எங்கள் ஜப்பான்காரனுக்குப் புரிந்துவிட்டது. வண்டி போன பிறகு எங்கள் இருவரையும் வாசலில் முட்டிபோட வைத்தான். கத்தவில்லை. எது பொய், எது நிஜம் என்று கேட்டான். நான்தான் செய்தேன் என்றேன். என் வீட்டுக்காரர் என் தோளைத் தள்ளி, நான் செய்தேன், அவளுக்குத் தெரியாது என்றார். அதற்குள் காவல்காரர்கள் கீழறையிலிருந்து மெழுகு ஒட்டின போத்தல்களையெல்லாம் கொண்டுவந்து வாசலில் உடைத்தார்கள். முற்றம் முழுக்க நாவற்பழச் சாறு. நல்ல போத்தல்கள் கொஞ்சம்தான் மிஞ்சின.

அவன் என்னைப் பார்த்து மலாயில் சொன்னான். "இவன் சயாமுக்குப் போகிறான். நீ இங்கே இரு. மிச்சப் போத்தல்களுக்கு உண்மையான ருசியைச் சொல். உண்மையாகச் சொன்னால், இவனைத் திருப்பி அனுப்பச் சொல்லி நான் ஆள் அனுப்புவேன்."

உண்மை சொல்கிறேனா என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் புருஷனைப் பறிக்கிறவனிடம் அதற்குமேல் என்ன மரியாதை?

"உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றான்.

மறுநாள் காலை ஆபீஸ் முன்னால் லாரி நின்றது. அவருக்கு ஒரு கோணிப்பையில் மாற்றுத் துணியும் ஒரு கரண்டியும் வைத்துக் கொடுத்தேன். எதற்குக் கரண்டி என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது, கையில் வந்ததை வைத்தேன். லயத்தில் அவர் கையால் ஒயின் வாங்கிக் குடித்தவர்கள் எல்லாரும் வந்து நின்று அழுதார்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அழுகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவர் லாரியில் ஏறினபிறகு குனிந்து என்னிடம் சொன்னார்.

"போத்தல நிமித்தி வெக்காத, தக்கை காஞ்சிரும். அவனுக்கு உள்ளத உள்ளபடி சொல்லு. நான் வந்துருவேன்லா."

அதற்குப் பிறகு அவன் போத்தல் திறப்பது குறைந்தது. மிஞ்சினது கொஞ்சம் என்பதால் மாதத்துக்கு ஒன்று, சில சமயம் அதுவும் இல்லை. திறக்கிற அன்று என்னை எதிரே உட்கார வைப்பான். கோப்பையைப் பார்க்கமாட்டான், என் முகத்தையே பார்ப்பான். நான் ஒரு சொல்கூட இட்டுக்கட்டவில்லை. வாயில் வைத்து, விழுங்காமல், கண்ணை மூடி, என்ன இருக்கிறது என்று தேடுவேன். ஒன்றில் கறுத்த பழத்தோடு பச்சை மிளகு இருந்தது, சொன்னேன். ஒன்றில் மாட்டுத் தொழுவ வாடை இருந்தது. அதைச் சொன்னால் கோபப்படுவானோ என்று பயந்துகொண்டே சொன்னேன். ஒன்றில் பழமெல்லாம் செத்துப்போய் வெறும் துவர்ப்பு மட்டும் நின்றது. அதையும் அப்படியே சொன்னேன். எனக்குத் தெரியவில்லை என்று நான் எந்த நாளும் சொல்லவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் அவர் வராமல் போய்விடுவார் என்று நினைத்தேன். அவன் மீது வெறுப்பு பொங்கும்போதும் நாக்கு அதன் வேலையைச் செய்தது.

ஒவ்வொரு தடவையும் முடிவில் ஆள் அனுப்பினீர்களா என்று கேட்பேன். அனுப்பியாயிற்று, பதில் வரும் என்பான். இன்னொரு தடவை மழை விடட்டும் என்பான். இடையில் ஜப்பான் சர்க்கார் எங்கள் கெடா மாநிலத்தையே தூக்கிச் சயாமுக்குக் கொடுத்துவிட்டது. கொடி மாறியது. லயத்தில் ஒரு கிழவர், சயாமே இங்கே வந்துவிட்டது, சயாமுக்குப் போன நம்ம ஆட்களைத்தான் இன்னும் காணோம் என்றார். அதைக் கேட்டு அங்கே யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் எல்லாரும் கோணியைத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. நானும் கோணி கட்டிக்கொண்டுதான் இத்தாலி ஒயினுக்கு ருசி சொன்னேன்.

லயத்துப் பெண்கள் பழையபடி பேச ஆரம்பித்தார்கள். புருஷனை அனுப்பிவிட்டு எதிரே உட்கார்ந்து குடிக்கிறாள் என்றார்கள். ஒருத்தியின் கூந்தலைப் பிடித்துக் குழாயடியில் இழுத்துப் போட்டு அடித்தேன். அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று தெரிந்த வாரம் ஜப்பான்காரன் ஒரு லாரியில் ஏறிப் போனான். போகும்போது நான் வாசலில் நின்று, என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் ஆள் அனுப்பினானா, அனுப்பாமலே ஏய்த்தானா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

சில மாதம் கழித்து, போனவர்களில் ஒன்றிரண்டு பேர் நடைப்பிணமாகத் திரும்பி வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவன் வந்தான், என் வீட்டுக்காரரோடு ஒரே லாரியில் போனவன். முழங்காலுக்குக் கீழே ஒரே புண். குசினியில் உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தேன். குடித்து முடித்தான். பிறகு அவனே சொன்னான். முகாமில் அவரைச் சமையலுக்குப் போட்டார்களாம். மழை பிடித்ததும் வாந்திபேதி வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தார்களாம். அண்ணனும் அதில்தான் போனார், அந்த முதல் மழையிலேயே என்றான்.

முதல் மழை என்றால், அவர் போன அதே வருஷம். பங்களாவில் நான் மிச்சப் போத்தல்களில் இரண்டாவதைக்கூட அப்போது முடித்திருக்கமாட்டேன். அதற்குப் பிறகு மாதாமாதம் கண்ணை மூடித் தேடித் தேடி நான் சொன்ன அத்தனை ருசியும் மண்ணுக்குள் போய்விட்ட மனுஷனுக்காகச் சொன்னது. எனக்கு அழுகை வரவில்லை. நீ எப்படித் தப்பித்தாய் என்று மட்டும் கேட்டேன். மழைக்கு முன்னாலேயே ஆற்றில் இறங்கி ஓடி, சயாம்காரர் கிராமத்தில் ஒளிந்திருந்தேன், பின்னால் பிழைத்து வந்தவர்கள்தான் அண்ணன் செய்தியைச் சொன்னார்கள் என்றான். அவரை ஏன் விட்டுவிட்டு ஓடினாய் என்று கேட்டேன். சத்தம் போட்டே கேட்டேன்.

அவன் கஞ்சிக் குவளையைக் கீழே வைத்தான்.

"கூப்பிட்டேன் அக்கா. கையப் புடிச்சு இழுத்தேன். அன்னிக்குக் காவலே இல்ல. அவருதான் வரமாட்டேன்னுட்டாரு. 'என் பொண்டாட்டி அங்க ஜப்பான் துவான்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கா. அவ பேசினா நடக்கும். என்னத் தேடி ஆள் வரும்போது நான் இங்க இல்லன்னா, அவ பேசினதெல்லாம் வீணாப் போயிரும்லா'ன்னாரு."

ஓடியிருந்தால் பிழைத்திருப்பார். இவன் பிழைத்தானே. என் பேச்சு வீணாகிவிடக்கூடாது என்று அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.